தசைகள் எப்படி இழுக்கின்றன, எப்படி விடுகின்றன: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூக்கத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது, ஜிம்முக்குப் போன மறுநாள் கையைத் தூக்க முடியாமல் போவது, வயதான அம்மா நாற்காலியிலிருந்து எழச் சிரமப்படுவது, கட்டுவிரியன் கடித்தவருக்கு இமை தொங்கிப்போவது. வெளியிலிருந்து பார்த்தால் இவை வேறு வேறு சங்கதிகள். தசைக்குள் நடப்பதை நிதானமாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று இருக்கும் தொடர்பு புரியும். தசை சுருங்குவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், அது தளர்வதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தளர்வதும் தசை செய்கிற வேலைதான், அதற்கும் செலவு உண்டு. கீழே உள்ள பதில்களில் இது திரும்பத் திரும்ப வரும்.

உடம்பில் எத்தனை தசைகள் இருக்கின்றன? எல்லாம் ஒரே மாதிரியா?

எலும்புகளோடு சேர்ந்த தசைகள் மட்டும் 600க்கும் மேல். சில தசைகளை ஒன்றாக எண்ணுவதா, தனித்தனியாக எண்ணுவதா என்பதில் உடற்கூறு நூல்கள் வேறுபடுவதால் எண்ணிக்கையும் கொஞ்சம் மாறும். ஆண்களின் உடல் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் இந்தத் தசைகள்தான். பெண்களுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு.

வகை மூன்று. நாம் நினைத்தபடி அசைக்கக்கூடியவை எலும்புத் தசைகள். குடல், இரத்தக் குழாய், கருப்பை, சிறுநீர்ப்பை ஆகியவற்றின் சுவர்களில் இருப்பவை உள்ளுறுப்புத் தசைகள். இவை நம் விருப்பத்துக்குக் காத்திருக்காமல் மெதுவாக, நெடுநேரம் வேலை செய்யும். புல்லரிக்கும்போது முடியைத் தூக்கி நிறுத்துவதும் இந்த வகையைச் சேர்ந்த குட்டித் தசைகள்தான். மூன்றாவது இதயத் தசை. அது இதயத்தைத் தவிர வேறெங்கும் கிடையாது.

இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் எலும்புத் தசையைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

தசையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கும்?

வெந்த ஆட்டுக்கறியைப் பிய்க்கும்போது நூல்நூலாக வருகிறதே, அதுதான் தசையின் அமைப்பு. சமைக்காத இறைச்சியின் மேல் வழுவழுப்பான வெள்ளைச் சவ்வு ஒன்று இருக்கும். அது முழுத் தசையையும் சுற்றியிருக்கும் உறை. அதற்குள் கற்றைகள். ஒவ்வொரு கற்றைக்கும் தனி உறை. கற்றைக்குள் தசையிழைகள், அவை ஒவ்வொன்றையும் சுற்றி இன்னொரு மெல்லிய உறை. இந்த மூன்று உறைகளும் தசையின் முனையில் ஒன்றுசேர்ந்து தசைநாணாக மாறி எலும்பில் போய்ப் பொருந்துகின்றன. குதிகாலுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தால் கெட்டியாகத் தட்டுப்படுவது அப்படி ஒரு நாண், உடம்பிலேயே தடிமனானது.

தசையிழை என்பது ஒற்றைச் செல். விட்டம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாது, ஆனால் நீளம் பல சென்டிமீட்டர் வரை போகும். கரு வளரும்போது பல செல்கள் ஒன்றோடொன்று இணைந்து உருவாவதால் ஓர் இழைக்குள் நூற்றுக்கணக்கான உட்கருக்கள் இருக்கும்.

அந்த இழைக்குள் நுண்ணிழைகள் நெருக்கமாக அடுக்கியிருக்கின்றன. நுண்ணிழை நெடுகிலும் சார்கோமியர் என்ற ஒரே அளவுள்ள பகுதிகள் வரிசையாக வரும். ஒன்றின் நீளம் சுமார் 2.5 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் நானூறு. நுண்ணோக்கியில் எலும்புத் தசை வரிவரியாகத் தெரிவதற்கு இந்த ஒழுங்கான அடுக்குதான் காரணம்.

சார்கோமியருக்குள் இரண்டு வகைப் புரத இழைகள்: தடித்தது மையோசின், மெல்லியது ஆக்டின். இரண்டையும் இடம் மாறாமல் பிடித்துவைத்திருப்பது டைட்டின் என்ற புரதம். மனித உடலில் நாம் அறிந்த புரதங்களிலேயே பெரியது அது. அளவுக்கு மீறி இழுபட்ட தசை பழைய நீளத்துக்குத் திரும்ப உதவுவதும் டைட்டின்தான். ஆக்டின், மையோசின் அளவுக்கு யாரும் அதைப் பேசாதது எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

தசை சுருங்குகிறது என்றால் எது சுருங்குகிறது?

இதற்கான பதிலைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகளுக்கு வெகுகாலம் ஆனது. 1950களின் தொடக்கம் வரை, உள்ளே இருக்கும் புரதங்களே மடிந்து குட்டையாகின்றன என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1954இல் ‘நேச்சர்’ இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்க்கேயும் எழுதியது. மற்றது ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதியது. இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர்கள் இல்லை. தனித்தனியாக ஆராய்ந்து ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள்: மையோசினும் குட்டையாவதில்லை, ஆக்டினும் குட்டையாவதில்லை. ஒன்றின் மீது ஒன்று சறுக்கி உள்ளே போகின்றன, அவ்வளவுதான்.

கிணற்றில் வாளியைக் கயிற்றால் இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை பிடிக்கிறது, இழுக்கிறது, விடுகிறது, முன்னால் போய் மறுபடி பிடிக்கிறது. மையோசினிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சிறு தலைகள் ஆக்டினை இப்படித்தான் பிடித்து இழுக்கின்றன. ஓர் இழுப்பில் ஆக்டின் நகர்வது சில நானோமீட்டர்தான். கோடிக்கணக்கான தலைகள் திரும்பத் திரும்ப இழுப்பதால் நம் கண்ணுக்குத் தெரிகிற அசைவு வருகிறது.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ‘விடுகிறது’ என்பது. மையோசின் தலை ஆக்டினிலிருந்து கையை எடுக்க வேண்டுமென்றால் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வந்து அதன்மேல் ஒட்ட வேண்டும். ஏடிபி வராவிட்டால் பிடித்த பிடி அப்படியே நிற்கும். தலை விடுபட்ட பிறகு ஏடிபி உடைகிறது, அந்த ஆற்றலில் தலை அடுத்த இழுப்புக்குத் தயாராகிறது.

மூளை நினைத்தவுடன் தசை எப்படி அசைகிறது?

மூளையிலிருந்து தண்டுவடம், தண்டுவடத்திலிருந்து இயக்க நரம்பு, நரம்பின் முனையிலிருந்து தசை. தண்டுவடத்திலிருந்து கைக்கு வரும் நரம்பில் செய்தி வினாடிக்கு சுமார் 50 மீட்டர் வேகத்தில் ஓடும். நரம்பும் தசையும் நேரடியாகத் தொட்டுக்கொள்வதில்லை. நடுவில் மிகமிக நுண்ணிய இடைவெளி உண்டு. நரம்பு முனை அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை அந்த இடைவெளியில் கொட்டுகிறது. அது தசையின் மேலிருக்கும் ஏற்பிகளில் போய் ஒட்டியதும் தசையிழை முழுவதும் ஒரு மின் அலை பரவுகிறது.

அந்த மின் அலை இழைக்குள் இருக்கும் கால்சியம் கிடங்குகளைத் திறந்துவிடுகிறது. சும்மா இருக்கும் தசையில் ஆக்டினின் பிடிமான இடங்கள் மூடியிருக்கும். கால்சியம் வந்து ட்ரோபோனின் என்ற புரதத்தோடு சேர்ந்தால்தான் அந்த மூடி விலகும். ட்ரோபோனினைக் கண்டறிந்தது 1960களில் ஜப்பானின் செட்சுரோ எபாஷியின் குழு. மூடி விலகியதும் மையோசின் தலைகள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன.

சரி, நிறுத்துவது எப்படி? இரண்டு காரியம் நடக்க வேண்டும். இடைவெளியில் கிடக்கும் அசிட்டைல்கோலினை ஒரு நொதி உடனே உடைத்துப் போட வேண்டும். வெளியே வந்த கால்சியத்தை மறுபடி கிடங்குக்குள் இறைத்துவிட வேண்டும். இந்த இறைப்புக்கும் ஏடிபி செலவாகிறது. பயிர்களுக்கு அடிக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்துகள் அந்த நொதியைத்தான் முடக்குகின்றன. மருந்தடிக்கும்போது விஷம் ஏறியவர்களுக்குத் தசைகள் முதலில் துடிதுடித்து, பிறகு செயலிழந்து, கடைசியில் மூச்சுவிட முடியாமல் போவது இதனால்தான். முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் மருந்தடிப்பதை நான் எங்கே பார்த்தாலும் சொல்லாமல் வருவதில்லை.

கண்ணை நுணுக்கமாக அசைக்கிறோம், தொடையால் அப்படி முடியவில்லையே?

ஒரு நரம்புச் செல் எத்தனை தசையிழைகளுக்குக் கட்டளை தருகிறது என்பதைப் பொறுத்தது அது. கண்ணை அசைக்கும் தசைகளில் ஒரு நரம்புச் செல்லுக்குப் பத்து இழை அளவில்தான் இருக்கும். கெண்டைக்காலிலோ ஒரே செல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இழைகளை ஒன்றாக இயக்குகிறது. பலம் வேண்டிய இடத்தில் கூட்டம், துல்லியம் வேண்டிய இடத்தில் சிறு குழு. காகிதத்தைத் தூக்கும்போது சிறிய குழுக்கள் மட்டும் வேலைக்கு வரும். எடை கூடக்கூடப் பெரிய குழுக்களும் சேர்ந்துகொள்ளும்.

தசையால் தள்ள முடியுமா?

முடியாது. இழுக்க மட்டும்தான் முடியும். கதவைத் தள்ளும்போதுகூட மேற்கையின் பின்பக்கத் தசை முழங்கையின் பின்புறத்தை இழுத்து முழங்கையை நிமிர்த்துகிறது. முன்பக்கத் தசை மடக்கும், பின்பக்கத் தசை நிமிர்த்தும். ஒன்று இழுக்கும்போது மற்றது தளர்ந்துகொடுக்க வேண்டும். பக்கவாதம் வந்த சிலருக்குக் கை மடங்கியே இறுகிப்போவது, இந்தத் தளர்வை ஒழுங்குபடுத்தும் மூளைக் கட்டுப்பாடு குலைந்துவிடுவதால்தான்.

தசை எவ்வளவு சிரமப்படுகிறது என்பதற்கு ஒரு கணக்கு. முழங்கையை மடித்து, உள்ளங்கையில் 5 கிலோ அரிசிப் பையை வைத்திருக்கிறீர்கள். மேற்கைத் தசை எலும்பில் பொருந்தும் இடம் முழங்கை மூட்டிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர். பையோ 35 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆக, தசை சுமார் 35 கிலோவைத் தாங்கும் விசையில் இழுக்க வேண்டும். பலத்தில் இப்படி நஷ்டப்பட்டாலும் வேகத்தில் லாபம்: தசை ஒரு சென்டிமீட்டர் சுருங்கினால் கை ஏழு சென்டிமீட்டர் நகரும். பந்து எறிய முடிவது அதனால்தான்.

விரல்களுக்குள் தசையே இல்லை என்கிறார்களே, உண்மையா?

உண்மை, முடியைத் தூக்கும் குட்டித் தசைகளைக் கணக்கில் சேர்க்காவிட்டால். விரலை அசைப்பவை முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கும் தசைகள். நீண்ட நாண்கள் வழியாக அங்கிருந்து விரல்களை இழுக்கின்றன. முன்கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு விரல்களை ஆட்டிப் பாருங்கள், உள்ளே நெளிவது தெரியும்.

இறந்தவர் உடல் ஏன் விறைத்துப்போகிறது?

மேலே சொன்ன ‘விடுவதற்கும் ஏடிபி வேண்டும்’ என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. உயிர் போன பிறகு மூச்சும் இரத்த ஓட்டமும் நின்றுவிடுவதால் புதிதாக ஏடிபி உண்டாவது படிப்படியாக நின்றுபோகிறது. கால்சியத்தை உள்ளே இறைக்க ஆற்றல் இல்லை, அது கசிந்து வெளியே வருகிறது. மையோசின் தலைகள் ஆக்டினைப் பிடித்துக்கொள்கின்றன. பிடியை விடுவிக்க ஏடிபி இல்லை. உடம்பு முழுக்கத் தசைகள் அப்படியே பூட்டிக்கொள்கின்றன.

விறைப்பு சில மணி நேரத்தில் கண்ணிமை, தாடை எனச் சிறிய தசைகளில் முதலில் தெரியும். ஏறத்தாழ 12 மணி நேரத்தில் உடல் முழுவதும் பரவிவிடும். வெயில் காலத்தில் இன்னும் வேகமாக வரும், வேகமாகவே போய்விடும். ஒரு நாளுக்கு மேல் ஆனதும் புரதங்களே சிதையத் தொடங்குவதால் உடல் மறுபடி தளர்ந்துபோகும். நம் வீடுகளில் உயிர் பிரிந்த கொஞ்ச நேரத்திலேயே வாய்க்கட்டு கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, கையை ஒழுங்குபடுத்திவிடுவார்கள். விறைத்த பிறகு அதைச் செய்ய முடியாது என்பதைப் பெரியவர்கள் பார்த்துப் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தார்கள்.

தூக்கத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. நரம்பு சுருட்டிக்கொண்டதா?

பேச்சுவழக்கில் அப்படிச் சொல்கிறோம். சுருண்டு நிற்பது தசைதான். ஆனாலும் நரம்புக்கு இதில் பங்கு உண்டு: நாம் கேட்காமலே இயக்க நரம்பு தொடர்ந்து கட்டளை அனுப்புவதால் தசை விடாமல் இறுகி நிற்கிறது. வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இரவில் அடிக்கடி வரும். அதிக வியர்வை, களைத்த தசை, நீர் பிரியச் சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவையும் தூண்டிவிடலாம்.

வந்தவுடன் செய்ய வேண்டியது ஒன்றுதான். காலை நீட்டி, பாதத்தை முழங்காலை நோக்கி மெதுவாக இழுத்துப் பிடியுங்கள். அல்லது எழுந்து பாதத்தைத் தரையில் முழுதாக ஊன்றி நில்லுங்கள். தசை நீட்டப்படும்போது அந்த இழுவை நாணில் இருக்கும் உணர்விகளைத் தூண்டுகிறது. அவை தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பி நரம்பின் கட்டளையை அடக்குகின்றன. படுக்கப்போகும் முன் கெண்டைக்காலை நீட்டிவிடும் பயிற்சி சிலருக்கு நல்ல பலன் தருகிறது. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலி விடாமல் இருந்தால் இரத்தக் குழாய்க்குள் இரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். தேய்த்துவிடாமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கண் துடிக்கிறதே?

இமையில் இருக்கும் மெல்லிய தசையின் சில இழைகள் தாமாகத் துடிப்பது அது. தூக்கக் குறைவு, அதிகமான காபி, டீ, நெடுநேரம் திரையைப் பார்ப்பது, மன உளைச்சல் ஆகியவற்றோடு சேர்ந்து வரும், தானே போய்விடும். வலது கண்ணா இடது கண்ணா என்று பார்த்துச் சகுனம் கணக்கிட இதில் ஒன்றும் இல்லை. முகத்தின் ஒரு பக்கம் முழுவதும் இழுத்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

ஓடும்போது ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

தசையில் கையிருப்பாக இருக்கும் ஏடிபி இரண்டு மூன்று வினாடிகளுக்குத்தான் தாங்கும். அடுத்து, செலவான ஏடிபியை உடனே மீட்டுத் தரும் கிரியாட்டின் பாஸ்பேட், முழு வேகத்தில் ஓடினால் சுமார் பத்து வினாடி வரை. அப்புறம் தசையில் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் (சர்க்கரையின் சேமிப்பு வடிவம்) ஆக்சிஜன் இல்லாமலே உடைக்கப்படுகிறது. 400 மீட்டர் ஓட்டக்காரர் கடைசித் திருப்பத்தில் திணறுவது இந்தக் கட்டத்தில்தான். சில நிமிடங்களைத் தாண்டிய எந்த வேலைக்கும் ஆக்சிஜனோடு சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்தே ஆக வேண்டும். இவை ஒன்று முடிந்து அடுத்தது என்று வரிசையில் வருவதில்லை. எல்லாமே தொடக்கத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கும், பங்குதான் மாறும்.

செலவாகும் ஆற்றலில் கால் பங்குக்கும் குறைவாகத்தான் அசைவாக மாறுகிறது, மீதி வெப்பம். குளிரில் உடம்பு நடுங்குவது அந்த வெப்பத்துக்காகவே.

உடற்பயிற்சி செய்த மறுநாள் வலிப்பது லாக்டிக் அமிலம் தேங்குவதாலா?

இல்லை. பல பயிற்சியாளர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். பயிற்சியில் கூடிய லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடம்பில் இருக்கும் வடிவம்) ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். இதயமும் மற்ற தசைகளும் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன, கல்லீரல் மீண்டும் சர்க்கரையாக்குகிறது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் உச்சத்துக்குப் போகும் வலிக்கு அது காரணமாக முடியாது.

உண்மையான காரணம், பழக்கமில்லாத வேலையில் தசையிழைகளுக்குள் உண்டாகும் நுண்ணிய சேதமும் அதைச் சரிசெய்ய வரும் அழற்சியும்தான். தசை இழுத்துப் பிடித்துக்கொண்டே நீளும்போது இந்தச் சேதம் அதிகம். வெள்ளியங்கிரி மலைக்கோ சோளிங்கருக்கோ போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் மறுநாள் தொடையைப் படுத்துவது இறங்கியதுதான். படியிறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை உடல் எடையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. அதே வேலையைச் சில வாரங்களுக்குள் மறுபடி செய்தால் வலி வெகுவாகக் குறைந்திருக்கும். அதற்குள் தசை தன்னைத் திருத்திக்கொண்டிருக்கும்.

கோழியில் தொடைக்கறி கருஞ்சிவப்பு, நெஞ்சுக்கறி வெள்ளை. ஏன்?

கோழி நாள் முழுவதும் நிற்கும், நடக்கும். பறப்பது எப்போதாவது ஒரு கணம். நெடுநேரம் வேலை செய்யும் தசைகளில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மையோகுளோபின் என்ற சிவப்பு நிறப் புரதமும், அந்த ஆக்சிஜனைக் கொண்டு ஏடிபி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற செல் உள்ளுறுப்புகளும் அதிகம். இவை மெதுவான இழைகள், எளிதில் களைக்காது. திடீர் பலத்துக்கான வேக இழைகளில் அவை குறைவு, அதனால் வெளுப்பு. நெடுந்தூரம் பறக்கும் புறாவின் நெஞ்சுக்கறி கருஞ்சிவப்பாக இருக்கும். ஓயாமல் நீந்தும் சூரை மீனின் சதையும் அப்படித்தான்.

மனிதத் தசைகளில் இரண்டும் கலந்திருக்கும். நிமிர்ந்து நிற்க உதவும் கெண்டைக்காலின் உள்தசையில் மெதுவான இழைகளே பெரும்பகுதி. நெடுந்தூர ஓட்டக்காரர்களின் காலில் மெதுவான இழைகளும், குறுந்தூர ஓட்டக்காரர்களிடம் வேக இழைகளும் கூடுதலாக இருக்கும். பிறப்பு பாதி, பயிற்சி பாதி.

இதயம் ஏன் களைத்துப்போவதில்லை?

ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிற தசை அது. செல்லின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மைட்டோகாண்ட்ரியாவே நிறைந்திருக்கும். ஒரு துடிப்பு முடிந்து தளரும்வரை அடுத்த கட்டளையை ஏற்காதபடி அதன் மின்னமைப்பு இருக்கிறது, அதனால் கைகால் தசையைப் போல இதயம் பிடித்துக்கொண்டு நிற்க வழியில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் அது தளர்கிறது. இதயத் தசைக்கே போய்ச்சேரும் இரத்தத்தில் பெரும்பகுதி அந்தத் தளர்வு நேரத்தில்தான் பாய்கிறது.

சுருங்கும் பலம் சரியாக இருந்தும் தளர்வதில் குறை வந்தால்கூட இதயம் செயலிழக்கும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இந்த வகை. எக்கோ பரிசோதனையில் ‘பம்பிங் நார்மல்’ என்று பார்த்துவிட்டு, மூச்சிரைப்பை வயதின் மேல் போட்டுவிடக் கூடாது என்று நான் வற்புறுத்திச் சொல்வது இதனால்தான்.

நெஞ்சுவலியோடு போனால் மருத்துவமனையில் எடுக்கும் ட்ரோபோனின் பரிசோதனையும் இங்கே வருகிறது. மேலே பார்த்த அதே புரதத்தின் இதய வகை அது. இதயத் தசைச் செல்கள் சேதமானால் இரத்தத்தில் கசியும்.

பாம்பு கடித்தால் இமை ஏன் தொங்குகிறது?

நரம்புக்கும் தசைக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியைத்தான் நாகத்தின் நஞ்சும் கட்டுவிரியன் நஞ்சும் தாக்குகின்றன. நாகத்தின் நஞ்சு தசையின் மேலிருக்கும் ஏற்பிகளை அடைத்துக்கொள்கிறது. அசிட்டைல்கோலின் வந்தாலும் ஒட்ட இடமில்லை. கட்டுவிரியனின் நஞ்சு முக்கியமாக நரம்பு முனையையே சேதப்படுத்துகிறது, அசிட்டைல்கோலின் வெளியே வருவதே நின்றுபோகிறது. மூளை கட்டளையிடுகிறது, தசையிலும் குறையில்லை, நடுவில் செய்தி போய்ச்சேரவில்லை. இமையும் கண்ணும் முதலில் பாதிக்கப்படும். பிறகு விழுங்குவது, பேசுவது, கழுத்தைத் தூக்குவது, கடைசியில் மூச்சு.

கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்துத் தூங்குபவர்களைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அனேகமாக இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, தொண்டையில் ஏதோ செய்கிறது, இமை திறக்க முடியவில்லை என்றால் கடித்தது தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நரம்பு முனை சேதமாகிவிட்ட பிறகு நஞ்சுமுறிவு மருந்து அதைத் திருப்பித் தராது. முனை புதிதாக வளரும்வரை, நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில், செயற்கைச் சுவாசம் தேவைப்படலாம். ஆனால் மூச்சை மட்டும் காப்பாற்றிவிட்டால் தசைகள் முழுதாக மீண்டுவிடும். இது தெரியாமல் கைவிடப்பட்ட உயிர்கள் எத்தனையோ.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்துத் தயாராகும் நஞ்சுமுறிவு மருந்துக்கு, சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நஞ்சு எடுத்துத் தருகிறது.

இன்னொரு பலனும் பாம்பு நஞ்சால் கிடைத்தது. கட்டுவிரியனின் தைவான் உறவுப் பாம்பு ஒன்றின் நஞ்சில் உள்ள ஒரு புரதம் தசையின் ஏற்பிகளில் இறுக ஒட்டும். அதை வைத்து 1973இல் மயஸ்தீனியா கிராவிஸ் நோயாளிகளின் தசையை ஆராய்ந்தபோது அவர்களுக்கு ஏற்பிகள் வெகு குறைவாக இருப்பது தெரிந்தது. உடலின் எதிர்ப்பாற்றலே அவற்றை அழித்துவிடுகிறது. காலையில் நன்றாக இருந்து மாலையில் இமை தொங்கும், பார்வை இரண்டாகத் தெரியும், சாப்பாட்டை மென்றுகொண்டே இருந்தால் தாடை சோரும். சிகிச்சை உண்டு.

எடை தூக்கினால் தசை எப்படிப் பெரிதாகிறது? நிறுத்தினால் கொழுப்பாக மாறிவிடுமா?

இருக்கும் இழைகள் தடிக்கின்றன. இழைகளின் எண்ணிக்கை அவ்வளவாகக் கூடுவதில்லை. இழைகளின் ஓரத்தில் காத்திருக்கும் துணைச் செல்கள் இணைந்து புதிய உட்கருக்களைத் தருகின்றன. பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் பலம் கூடும், ஆனால் அளவு கூடாது. நரம்புகள் அதிக இழைகளை ஒன்றுசேர்த்து இயக்கப் பழகிக்கொள்வதன் விளைவு அது. கண்ணாடியைப் பார்த்து ஏமாந்து பலர் விட்டுவிடுவது அந்த வாரங்களில்தான்.

தசை கொழுப்பாக மாறாது. இரண்டும் வேறு வேறு செல்கள். பயிற்சியை நிறுத்திவிட்டு அதே அளவு சாப்பிட்டால் தசை மெலியும், கொழுப்பு சேரும்.

புரோட்டீன் பவுடர் வேண்டுமா?

பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். 60 கிலோ எடையுள்ளவருக்கு சுமார் 50 கிராம். கடுமையாகப் பயிற்சி செய்பவர்களுக்கு இதைவிட அதிகம் தேவை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. சுண்டல், பயறு, பருப்பு, மீன், தயிர் எல்லாம் சேர்த்தால் எட்டிவிடலாம். நம் சாப்பாட்டில் சோறு மலையாகவும் பருப்பு மேலே தெளித்த மாதிரியும் இருப்பதுதான் சிக்கல். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

வயதானால் தசை குறைவதைத் தடுக்க முடியுமா?

முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது, அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. படுத்த படுக்கையானால் கேட்கவே வேண்டாம். பத்து நாள் படுக்கையில் இருந்த ஆரோக்கியமான முதியவர்களுக்குக் கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ குறைந்ததை ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்கள். விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் தினமும் சுமார் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்வது இந்த இழப்பைத் தடுக்கத்தான்.

ஆனால் எந்த வயதிலும் தசை பயிற்சிக்குப் பதில் சொல்லும். 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். தொடையின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. ‘வயசாயிடுச்சு, பேசாம உட்காருங்க’ என்று அன்போடு சொல்லிச் சொல்லியே நம் வீட்டுப் பெரியவர்களின் கால்களை நாம் பலவீனமாக்குகிறோம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், காலையும் மாலையும். முடியாவிட்டால் உயரமான நாற்காலியில் தொடங்கலாம். நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனால் தொடைக்கு அது மட்டும் போதாது.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

பழக்கமில்லாத கடும் பயிற்சிக்குப் பிறகு தாங்க முடியாத வலியோடு சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போனால் அன்றே. தசை பெருமளவில் உடைந்து, அதிலிருந்து வெளிவந்த மையோகுளோபின் சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று அர்த்தம். கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் புதிதாகத் தசைவலி வந்தால் மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். வலியே இல்லாமல் பலம் மட்டும் குறைந்துகொண்டே வந்தால், அதாவது தலை வார, படியேற, விழுங்கச் சிரமமென்றால், வலியைவிட அதை அவசரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, நான்கு வயது ஆண் குழந்தை அடிக்கடி விழுகிறான், கெண்டைக்கால் மட்டும் பருத்திருக்கிறது, தரையிலிருந்து எழும்போது தன் தொடையிலேயே கையை ஊன்றி ஏறி நிற்கிறான் என்றால் ‘குண்டுப் பையன், சோம்பேறி’ என்று விட்டுவிடாதீர்கள். தசையிழையின் சவ்வைக் காக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் இல்லாததால் வரும் டுஷேன் தசைச்சிதைவு நோயாக இருக்கலாம். அந்தப் புரதத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே வருகிறது. தசையிலிருந்து கசியும் ஒரு நொதியை அளக்கும் சிகே என்ற எளிய இரத்தப் பரிசோதனையில் முதல் தடயம் கிடைத்துவிடும். முழுதாகக் குணமாக்க இன்னும் வழியில்லை. ஆனால் சீக்கிரம் தெரிந்தால் ஸ்டீராய்டு மருந்தும் இயன்முறைப் பயிற்சியும் நடக்கும் ஆண்டுகளை நீட்டித்துத் தரும். அடுத்த குழந்தைக்கு முன் பெற்றோர் மரபியல் ஆலோசனையும் பெற்றுக்கொள்ளலாம்.